வாசனைக்கு ஒரு படம்

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மகளோடு சுக்குக் கிடங்கைத் தாண்டும்போது, அந்தக் காரமான வாசனை என்னை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

"வாசனையை வரைய முடியுமா?" என்று டீச்சர் கேட்ட நாள் அது. மற்றவர்கள் மல்லிகையும் பொரித்த மீனும் வரைந்தார்கள். நான், அத்தா என்று கூப்பிடும் என் அப்பாவின் சட்டைப்பையிலிருந்து எடுத்து வந்த சுக்குத் துண்டை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்த்தேன். தாளில் ஒன்றும் தெரியவில்லை.

"இது படமே இல்ல டீச்சர்" என்று வகுப்பே சிரித்தது.

டீச்சர் தாளை முகர்ந்தார். "ஏன் இல்லன்னு சொல்லுங்க" என்றார். மணி அடிக்கும்வரை ஒரே சண்டை. கடைசியில், "எனக்கும் தெரியல, யோசிக்கணும்" என்றார். அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது.

அத்தாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. கிடங்கில் சுக்குத் தரம் பிரிப்பவர். சாயாவைக்கூட முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பார். சாயங்காலம் அவரிடம் தாளைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். "வெறும் தாளுக்கா இவ்வளவு பேச்சு?" என்றவர், பழக்கத்தில் அதையும் மூக்கருகே கொண்டுபோனார்.

"வயநாட்டுச் சுக்கு. ரெண்டு நாளா நான் தேடுற சாம்பிள். நீதான் எடுத்தியா?"

மறுநாள் டீச்சரிடம் ஓடினேன். "அத்தா கண்டுபிடிச்சிட்டாங்க. அப்போ படம்தானே?"

டீச்சர் யோசித்தார். "அத்தாவுக்குப் படம்தான். ஜலதோஷம் பிடிச்சவங்களுக்கு?"



இப்போது கிடங்கு வாசலில் நின்று மூச்சை ஆழமாக இழுத்தேன். இரண்டு நாளாக மூக்கடைத்துக் கிடக்கும் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏம்மா நின்னுட்ட? இங்க ஒண்ணுமே இல்லையே."