அத்தை மொழிபெயர்த்த பக்கம்

நான் ஆறாவது படித்த வருஷம், பாண்டிச்சேரியிலிருந்து வாடகைக் கார் பிடித்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் எங்கள் மாதா கோயிலுக்கு வந்தார். விருத்தாசலத்திலிருந்து பெண்ணாடம் போகும் பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். கரும்பு டிராக்டரைத் தவிர வேறு வண்டி அங்கே நின்று நான் பார்த்ததில்லை. அந்த அம்மாளின் கொள்ளுத் தாத்தா, வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தப் பக்கமெல்லாம் சுற்றி, பார்த்ததை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாராம். அதில் எங்கள் ஊரும் இருக்கிறது என்று சாமியார் பூசையில் சொன்னதும், மேலத்தெரு, எங்கள் தெரு என்று எல்லோரும் கோயில் வாசல் ஜமக்காளத்தில் கூடிவிட்டார்கள்.

தமிழில் சொல்ல என் அத்தையை அழைத்திருந்தார்கள். அப்பாவின் தங்கை, விருத்தாசலத்தில் இங்கிலீஷ் டீச்சர். முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகாதவள். அன்றைக்கு மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தாள். அவளோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார், மேலத்தெருக்காரர், தன் தாயாரைக் கூட்டிவந்து என் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார். அம்மா அந்தத் தாயாருக்கு விசிறிக்கொண்டே இருந்தாள்.

வெள்ளைக்கார அம்மாள் படிக்கப் படிக்க அத்தை சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நகை பாரத்தில் காது தோள் வரை தொங்குமாம். கல்யாணப் பந்தியில் துரைக்கும் இலை போட்டார்களாம். ரசத்தை அள்ளத் தெரியாமல் முழங்கை வரை ஒழுகவிட்டாராம்.

"நம்மூரு ரசம் தொரையையே கவுத்துடுச்சுடா!" என்றார் பால்காரர். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த பக்கத்தில் அத்தை சொல்வதை நிறுத்திவிட்டாள். அந்த அம்மாள் மறுபடி படித்தார். அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கோயில்ல எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து பாடுனது ரொம்ப அழகா இருந்துச்சுன்னு எழுதியிருக்காருங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"அத்த, நடுவுல இங்கிலீஷ்ல செவுருன்னு ரெண்டு வாட்டி வந்துச்சே! அத வுட்டுட்டீங்களே!"

கைதட்டல் நின்றது. வாத்தியாரின் தாயார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார்.

"காம்பவுண்டு செவுருங்க. சுண்ணாம்பு அடிச்சு பளிச்சுன்னு இருந்துச்சாம்," என்றாள் அத்தை.

வீட்டுக்கு வந்ததும், அத்தைக்கு அவ்வளவாக இங்கிலீஷ் தெரியாது என்று அப்பாவிடம் சொன்னேன். என்னை அடித்தே அறியாத அப்பா நறுக்கென்று தலையில் குட்டினார்.

"வுடுண்ணா," என்றாள் அத்தை. "அவ சரியாத்தான் சொன்னா."

துரை எழுதிய அந்தச் சுவர் அந்தக் காலத்தில் கோயிலுக்குள்ளேயே இருந்தது, பிற்பாடுதான் இடித்தார்கள். ஒரு பக்கம் மேலத்தெருக்காரர்கள், மறுபக்கம் எங்கள் சாதி. அவர்கள் நற்கருணை அப்பம் வாங்கி முடித்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்கு. இதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகே எனக்குத் தெரியவந்தது.

வைகாசியில் அதே கோயிலில் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. கணக்கு வாத்தியார் எனக்கு மாமா ஆனார். அவருடைய தாயார் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், அப்பா தான் வேலை செய்த செராமிக் கம்பெனியிலிருந்து வாங்கிவந்த பூப்போட்ட புதுக் கப்பில் அம்மா காபி கொடுப்பாள். அவர் சிரித்த முகமாய்ப் பேசிக்கொண்டிருப்பார். கப்பைத் தொட மாட்டார். பாவம், அவருக்குச் சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.