எழுந்து நிற்க மட்டும் கேட்டேன்

போன வருடம் மழைக்காலம் முழுக்க, காலையில் கண் விழித்ததும் எனக்கு முதலில் வருவது பயம்தான். கட்டிலை விட்டு எப்படி எழுந்திருப்பது என்ற பயம். நோய் என்று பெயர் சொல்ல எதுவும் இல்லை. ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. பல நாள் படுத்தே கிடந்தேன். காய்ச்சல் போனது, கால்களில் இருந்த பலமும் அதோடு போய்விட்டது.

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். என் பெயர் அந்துவான். வயது எழுபத்து நான்கு. மில்லில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரெட்டியார்பாளையத்தில் என் சொந்த வீட்டின் மாடியில் இருக்கிறேன். கீழே குடியிருந்தவர்கள் காலி செய்த பிறகு அது பூட்டியே கிடக்கிறது. என் மனைவி ரெஜினா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் செலின் பிரான்சில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடுவாள். பேரப்பிள்ளைகள் "போன்ழூர்" என்று கையாட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது. எனக்குப் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தால் கைகளை ஊன்றி, மேசையைப் பிடித்து, மூச்சுப் பிடித்துத்தான் எழ முடியும். படி இறங்குவதை விட்டுவிட்டேன். பால்கனியிலிருந்து கயிற்றில் பையைக் கட்டி இறக்குவேன். பால்காரர் பாக்கெட்டைப் போடுவார், மெஸ்ஸிலிருந்து வருபவர் சாப்பாட்டுக் கேரியரை வைப்பார். யாரும் மாடி ஏற வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. சில நாள் மாலையில்தான் நினைவு வரும், இன்றைக்கு நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று. என் குரல் எனக்கே கேட்கட்டும் என்று செபமாலையைச் சத்தமாகச் சொல்லுவேன். கல்லறைத் திருநாளுக்கு ரெஜினாவின் கல்லறைக்குப் பூ வைக்கக்கூடப் போக முடியவில்லை. அன்றைக்கு அழுதேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலை, தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன். கீழ்த்தட்டில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுக்கக் குனிந்தேன். முழங்கால் மடங்கியது. அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடியெதுவும் பெரிதாகப் படவில்லை. ஆனால் எழ முடியவில்லை. சுவரைப் பிடித்தேன். சமையல் மேடையின் விளிம்பை எட்டினேன். கைதான் நழுவியது. தொடைகள் என்னுடையவையே இல்லை போலக் கிடந்தன.

போன் கூடத்து மேசையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடித்தது. செலின்தான், அந்த மெட்டு அவளுக்கு வைத்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறாள், பதில் சொல்ல என்னால் எழுந்து நிற்க முடியவில்லை. என் வாழ்க்கையில் அதைவிடத் தனிமையான நேரம் இல்லை. ரெஜினாவை மண்ணில் வைத்துவிட்டு வீடு திரும்பிய அன்றுகூட இப்படி இருந்ததில்லை.

அன்றைக்கு அழகான செபம் எதுவும் வாயில் வரவில்லை. "ஆண்டவரே, ஒண்ணு என்னைக் கூப்பிட்டுக்கோ. இல்லன்னா எழுப்பி நிக்க வை. வேற எதுவும் கேக்க மாட்டேன்" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். நடுவில் ஒரு கவலை வந்து செபத்தைக் கலைத்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. மோட்டார் எரிந்துபோகுமே என்று பதறினேன். சாவைக் கேட்கிறவனுக்கு மோட்டாரைப் பற்றி என்ன கவலை? ஆனாலும் பதறினேன்.

வழிந்த தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்தில் கொட்டியிருக்கிறது. அங்கே விசாலம் என்ற அம்மா இருந்தார். கடலோரக் குப்பத்தில் பிறந்து, மார்க்கெட்டில் மீன் விற்றுப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். மகன் வீடு கட்டி அம்மாவைக் குடிவைத்துவிட்டு மும்பைக்கு வேலைக்குப் போய்விட்டான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். ஆனால் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கீழேயிருந்து குரல் கேட்டது. "யோவ் பெரியவரே! இன்னாயா இது, காய வச்ச கருவாடெல்லாம் நனைஞ்சி நாசமாப் பூடுச்சி! மோட்டார நிறுத்துய்யா!"

நான் குரல் கொடுத்தேன். எட்டவில்லை. அந்த அம்மா திட்டிக்கொண்டே படியேறி வந்தார். சும்மா சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு, "காது கேக்கலியா உனக்கு?" என்று அடுப்படி வாசல் வரைக்கும் வந்தவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அய்ய... விழுந்துட்டியாண்ணா?"

மோட்டாரை நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார். ஜன்னலைத் திறந்து தெருவில் நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரை அழைத்து வருவதற்குள் விசாலம் என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்துகொண்டார். "பயப்படாத, நான் இருக்கேன்ல" என்றார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாகவே இல்லை.

அன்பான சகோதரர்களே, நான் தேவதூதரை எதிர்பார்த்திருப்பேன். ஆண்டவர் கோபக்கார அம்மா ஒருவரை அனுப்பினார்.

அவர்கள் இருவரும் என்னைத் தூக்கி நிறுத்திய பிறகு விசாலம் எழப் பார்த்தார். அவராலும் முடியவில்லை. அலமாரிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி எழுந்தார். "எனக்கும் இதே கதிதான், யார்கிட்ட சொல்றது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இருந்தது எனக்கு நன்றாகவே தெரிந்த தனிமை.

செலினுக்குச் செய்தி போனது. போனில் அழுதாள். "பப்பா, வீட்ட வித்துடலாம். நல்ல முதியோர் இல்லமாப் பாத்து வக்கிறேன். ஈஸ்டருக்கு நான் வர்றேன், அப்ப முடிச்சிடலாம்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் போனை வைத்த பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ரெஜினா நடந்த தரை, அவள் சாய்ந்து நின்ற பால்கனி. ஆண்டவரே, கேட்டதை இன்னும் முழுசாகத் தரவில்லையே என்றேன்.

ஆஸ்பத்திரியில் எலும்பு, இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை. தொடைத் தசை கரைந்திருக்கிறது, பயிற்சிதான் மருந்து என்று சொல்லி, லாஸ்பேட்டையில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்கு அனுப்பினார்கள். விசாலமும் கூட வந்து தன்னையும் சோதித்துக்கொண்டார்; அவருக்கும் அதே மருந்துதான்.

அங்கே கிருத்திகா என்ற பெண் இருந்தார். எடை பார்க்கும் மிஷினைப் பெரிதாகச் செய்து முன்னால் ஒரு கைப்பிடி வைத்தது போல ஒன்றைக் காட்டினார். அதன் மேல் ஏறி நின்றால் உடம்பு முழுவதும் அதிரும்.

"சார், இது மந்திரம் கிடையாது" என்றார். "கீழ அதிரும்போது விழாம நிக்கறதுக்கு உங்க தசை தானா இறுகும். அதோட முட்டிய மடக்கி, நாற்காலில உக்கார்ற மாதிரி கொஞ்சம் இறங்கி எழுந்திரிக்கணும். மிஷின் ஒத்தாசைதான். எழுந்திரிக்கிறது நீங்கதான்."

விசாலம் எட்டிப் பார்த்தார். "அடியே, புள்ளையாருக்குப் போடுற தோப்புக்கரணம்தானே இது? அதுக்குக் கரண்டு வேறயா?"

முதல் நாள் ஏறி நின்றேன். உள்ளங்காலிலிருந்து பல் வரைக்கும் நடுங்கியது. கன்னத்துச் சதை ஆடியது. கொஞ்சம் இறங்கச் சொன்னார். இறங்கினேன். எழ முடியாமல் கைப்பிடியில் தொங்கினேன். கிருத்திகா உடனே நிறுத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, இனிமேல் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த முறை போக வேண்டிய நாளில் கீழே ஆட்டோ சத்தம். "அண்ணா, எறங்கி வா. நான் மேல ஏறி வந்தன்னா அசிங்கமாத் திட்டுவேன்."

சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனேன்.

இப்படியே கிறிஸ்துமஸ் போனது, பொங்கல் போனது. அதிர்வை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். வீட்டிலும் நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். எழும்போது நான் "சேசுவே" என்பேன். மதிலுக்கு அந்தப் பக்கம் விசாலம் "முருகா" என்பது கேட்கும். நேற்றைவிட இன்று மோசம் என்று தோன்றிய நாட்கள் நிறைய. ஒரு காலை நாற்காலியிலிருந்து எழுந்து வாசலுக்குப் போன பிறகுதான் கவனித்தேன், நான் எதையும் பிடிக்கவில்லை. திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். உண்மைதான்.

பெரிய வெள்ளிக்கு முன்பே செலின் வந்துவிட்டாள். கோவிலில் சிலுவையை முத்தம் செய்ய வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது, "குனிஞ்சா போதும் பப்பா" என்று கையைப் பிடித்தாள். நான் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு முழங்காலிட்டேன். ஆண்டவருடைய பாதத்தில் முத்தமிட்டேன். பிறகு ஒரு காலை முன்னால் ஊன்றி எழுந்து நின்றேன். யாரும் தூக்கவில்லை. செலின் அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீட்டை விற்கிற பேச்சை அதன் பிறகு அவள் எடுக்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சாட்சி என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும். செலின் திரும்பிப் போய்விட்டாள். கோடையில் விசாலத்தின் மருமகளுக்குப் பிரசவம் நெருங்கியது. மகன் வந்து அம்மாவை மும்பைக்கு அழைத்துப் போனான். போகிற அன்று வந்தார். "இனிமே வரமாட்டேன்னு நெனைக்கிறேன்ணா. சாப்புடு. காலுப் பயிற்சிய விட்டுறாத" என்றார். பக்கத்து வீட்டில் இப்போது பூட்டு தொங்குகிறது. மாலையில் அந்த மதிலைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பேன். முடியாது. எனக்காக அவ்வளவு தூரம் திட்டிக்கொண்டு வர உலகத்தில் வேறு யாரும் இல்லை.

ஆகவே என் தனிமை தீர்ந்தது என்று நான் சொல்லவில்லை. எழுந்து நிற்க மட்டும் கேட்டேன். ஆண்டவர் அதைக் கொடுத்தார். தனிமையோடு தரையில் கிடப்பது வேறு, தனிமையோடு நடந்து போய் இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. இப்போது நம் பங்குக் கோவிலைச் சேர்ந்த, நோயில் படுத்திருப்பவர்களையும், தனியாக இருப்பவர்களையும் பார்க்கப் போகிறேன். உழவர்கரையில் ஒருவர் இருக்கிறார், என்னைவிட மூத்தவர், முதலில் கதவே திறக்க மாட்டார். போன வாரம் எனக்கும் சேர்த்து இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டு வைத்திருந்தார்.

ஆண்டவருக்கு நன்றி. விசாலம் எங்கிருந்தாலும் அவருடைய கால்களை ஆண்டவர் காக்கட்டும். இதைக் கேட்கிறவர்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும் இடமாகப் பார்த்து, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். முடியவில்லை என்றால் அதை மறைக்காதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். ஆண்டவரிடமும் சொல்லுங்கள், வார்த்தை அழகாக இல்லாவிட்டால் பரவாயில்லை. என்னிடமும் சொல்லலாம். நான் படியேறி வருவேன்.