எனக்கு மொட்டம்மா என்று பெயர் வந்த விதம்

என் பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கிருத்திகைதோறும் பழவங்காடியில் கூடி முருகனைப் பாடுகிற நம் கூட்டத்தில் பலருக்கு இந்த விஷயம் அரைகுறையாகத் தெரியும். முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பேச எழுந்தால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால் எழுதித் தருகிறேன்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி. மழை விடவே இல்லை. என் மகன் சண்முகம் அப்போதுதான் குப்புற விழப் பழகியிருந்தான். எனக்கு இருமல் பிடித்தது. சாயங்காலமானால் காய்ச்சல். கஷாயத்துக்கும் அடங்கவில்லை, மிளகுப் பாலுக்கும் அடங்கவில்லை. என் கூடப்பிறந்த அக்காள் சயரோகத்தில் இருமி இருமித்தான் போனாள். கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் நான் ஒரு தடவை இருமினால் என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிடும். அவர் பாத்திரக்கடை வைத்திருந்தார். ஒரு நாள் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துவிடுவோம் என்றார். நெஞ்சுக்குள் இருப்பதை வெளியிலிருந்தே பிடித்துக் காட்டுகிற மிஷின் என்று அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு.

படம் எடுக்கப் போனது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை தலை முழுகாமல் நான் வாசல் தாண்டியதில்லை. மதினி தடுத்துப் பார்த்தார். மதினி என்பது என் வீட்டுக்காரரின் அக்காள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல் திருநெல்வேலியில் தம் வீட்டில் தனியே இருந்தவர். என் பிரசவத்துக்கு வந்தவர் அப்படியே தங்கியிருந்தார்.

"காய்ச்சக்காரி தலைக்கு ஊத்தலாமாட்டி? கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?"

"பிள்ளையாரைக் கும்பிடாம ஆஸ்பத்திரி வாசல மிதிக்க மாட்டேன் மதினி. குளிக்காம எப்படிக் கும்பிடுறது?"

தலைக்கு ஊற்றிக்கொண்டேன். விரிந்த தலையோடு வெளியே போகக் கூடாதே, ஈரத்தோடேயே இறுக்கிப் பின்னிக்கொண்டேன். அப்போது என் பின்னல் கைத்தண்டை கனம் இருக்கும், முழங்காலைத் தொடும். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் போனோம்.

படம் எடுக்கிற அறையில் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். தாலியையுமா என்று கேட்டேன். மதினி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு ஒன்றைக் கோத்துத் தயாராகக் கொண்டுவந்திருந்தார். அதை என் கழுத்தில் கட்டிவிட்ட பிறகுதான் பொன் தாலியைக் கழற்றினேன். ரவிக்கையைக் கழற்றச் சொல்லி ஒரு மெல்லிய துணியைப் போர்த்திக்கொள்ளத் தந்தார்கள். அறையில் அந்நிய ஆண்கள். மானம் போகிறதே என்று உடம்பு கூசியது. பின்னலை எடுத்து இடது தோள் வழியாக முன்னால் போட்டு நெஞ்சை மறைத்துக்கொண்டேன். பலகையில் நெஞ்சை அழுத்தி நிற்கச் சொன்னார்கள், மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடி முருகா என்றேன். முடிந்துவிட்டது.

மறுவாரம் டாக்டர் கூப்பிட்டார். கோட்டயத்துக்காரர், நல்ல மனுஷர். கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினார்.

"இடது நெஞ்சுல மேல ஒரு நிழல் உண்டு. சயத்தோட தொடக்கம் மாதிரி இருக்கு. குட்டியை இனி கிட்ட வெக்கக்கூடாது கேட்டோ. பால் கொடுக்கவே கூடாது. தை கழிஞ்சு மறுபடி ஒரு படம் எடுப்போம்."

அன்றைக்கே மதினி சண்முகத்தைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் புறப்பட்டார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்தபோது அவன் வாய் சப்புக்கொட்டியது. அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

பால் கட்டிக்கொண்டு உயிர் போனது. பக்கத்து வீட்டுப் பெண்கள் மல்லிகைப் பூவை வைத்து மாரில் கட்டச் சொன்னார்கள். கட்டினேன். பால் வற்றியது. அதற்குப் பிறகு நான் மல்லிகை சூடுவதில்லை. பின்கட்டு அறையில் எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனித் தம்ளர். கடை நிறையப் பாத்திரம் அடுக்கி வைத்திருந்த மனுஷர் எனக்கென்று ஒரு தட்டைத் தேர்ந்தெடுத்து வந்து, அதைக் கையில் தராமல் வாசற்படியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

உயிரைக் கொடு என்று நான் முருகனிடம் கேட்கவில்லை. அக்காளும் கேட்டாள், கிடைக்கவில்லை. நான் கேட்டது இதுதான்: என் பிள்ளை இன்னும் ஒரு தடவை என் மடியில் கிடக்க வேண்டும். அதற்கு என்ன தருவாய் என்று அவன் கேட்டால்? யோசித்தேன். நகை என் அப்பா போட்டது, கடை என் வீட்டுக்காரருடையது. எனக்கே எனக்கென்று இருந்தது என் முடி ஒன்றுதான். திருச்செந்தூரில் வந்து இறக்குகிறேன் அப்பனே என்று நேர்ந்துகொண்டேன்.

வீட்டுக்காரருக்கு மனசே இல்லை. "முடியில்லாம ஒன்னைய எப்படிப் பாப்பேன்?" என்றார்.

"உசுரோட பாக்கலாம்லா" என்றேன்.

கார்த்திகையில் இருமல் தானாகவே நின்றது. ஆனால் படத்தில் நிழல் இருக்கிறதே! இருமல் நின்றதை ஒருவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போய் முடியை இறக்கிவிட்டு, கடலில் முழுகி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு திரும்பினோம். வழியில் திருநெல்வேலியில் இறங்கி, மதினி வீட்டுக்கு எதிர்ச்சாரியில் நின்றுகொண்டேன். கிட்டப் போகக் கூடாதில்லையா? மதினி இடுப்பில் சண்முகத்தை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். அவனுக்கு என்னைத் தெரியவில்லை. என் மொட்டைத் தலையைக் கைநீட்டிக் காட்டிச் சிரித்தான். பிறகு "ம்மா" என்று மதினியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டி ஏறினேன்.

மாசி பிறந்ததும் இரண்டாவது படம் எடுத்தார்கள். டாக்டர் இரண்டு படங்களையும் ஜன்னலில் சேர்த்து வைத்துப் பார்த்தார். புதுப் படத்தில் நிழல் இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

"அம்மா, முதல் படத்துக்கு வந்த அன்னிக்கு முடியை எங்ஙனெ இட்டிருந்தீங்க?"

தோளிலிருந்து நெஞ்சு வரை கையால் இழுத்துக் காட்டினேன். நனைந்திருந்ததா என்று கேட்டார். தலைமுழுகிவிட்டு நேராக வந்தேன் என்றேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அது முடியாணு அம்மா. கனத்த ஈரப் பின்னல் படத்துல நிழலா விழுந்திருக்கு. உங்களுக்குச் சயம் இல்ல. அன்னிக்கும் இருந்திருக்காது. அது மழைக்காலத்து இருமல். நான் பின்னலை மாத்திப் போடச் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணலே." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கலாமா என்று மட்டும் கேட்டேன். தூக்கலாம் என்றார்.

நம் கூட்டத்திலேயே ஒன்றிரண்டு பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்: நோயே இல்லையே, பிறகு முருகன் எதைக் குணப்படுத்தினான்? கெட்டிக்காரக் கேள்விதான். நான் திருப்பிக் கேட்கிறேன். முடி இருந்திருந்தால் இரண்டாம் தடவையும் தலைமுழுகித்தானே போயிருப்பேன்? அதே வெட்கத்தில் அதே பின்னலை அதே தோளில் போட்டிருப்பேன். அதே நிழல் மறுபடியும் விழுந்திருக்கும். அப்போது என்னை நிஜமான சயரோகிகளோடு கொண்டுபோய்ச் சேர்த்திருப்பார்கள். என் பிள்ளைக்கும் எனக்கும் நடுவே நின்றது எதுவோ, அதையே நேர்ந்துகொள்ள எனக்குத் தோன்றியதே, தோன்ற வைத்தவன் யார்? பதில் தெரிந்தவர்கள் அடுத்த கிருத்திகைக்கு வந்து சொல்லுங்கள்.

பிள்ளையை வாங்கப் போனோம். மதினி அவனைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, என் கையில் கொடுத்தார். அவன் வீறிட்டு அழுதான். "ஒன் பிள்ளை. நான் வச்சிருந்தேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். அவனுடைய சின்னச் சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். பால் வற்றிய வலி என்னவென்று எனக்குத் தெரியும். இன்னொரு பெண்ணுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வீட்டப் பூட்டிட்டுக் கிளம்புங்க மதினி" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எங்களோடுதான் இருந்தார். சண்முகம் பேசப் பழகியபோது மதினியைத்தான் அம்மா என்றான். எதிர்ச்சாரியில் மொட்டைத் தலையோடு நின்ற என்னை மொட்டம்மா என்றான். திருத்திப் பார்த்தோம், கேட்கவில்லை. எனக்கு வலிக்காமல் இருந்ததா? வலித்தது. கேட்டதை முருகன் கொடுத்துவிட்டான், நான் கேட்காததைக் கொடுக்கவில்லை.

போன ஐப்பசியில் மதினி காலமானார். சண்முகம்தான் கொள்ளி வைத்தான். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தவன், இத்தனை வளர்ந்த பிள்ளை, என் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

"மொட்டம்மா, அம்மா போயிட்டா" என்று அழுதான்.

ஒரே ஒரு தடவை மடியில் கிடக்கட்டும் என்றுதான் அன்றைக்குக் கேட்டேன். அவன் அழுது ஓயும்வரை நான் அசையவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கஷ்டம் இருந்தால் வாய்விட்டு முருகனிடம் கேளுங்கள். உங்களுடையது என்று எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ, அதை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். என் முடி திரும்ப வளர்ந்து இப்போது இடுப்பைத் தாண்டிவிட்டது. என் மகன் இன்னமும் என்னை மொட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறான்.