தம்பிக்காக அடித்த மணி

போன மார்கழியில் ஒரு பின்னேரம் என் தம்பி சூசை கடலோடு போய்விட்டான். வாடைக்காற்று கரையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கரையில் கட்டிக் கிடந்த தெப்பம் ஒன்றை, ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைக்கட்டியில் செய்ததை, அவிழ்த்து ஏறியிருக்கிறான். துடுப்புக்கூட எடுக்கவில்லை. போர்க்காலத்துச் செல்லடியில், குண்டு விழுந்து அம்மாவும் அப்பாவும் செத்த நாளிலிருந்து அவனுக்கு மனம் சரியில்லை. வங்காலையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. விசரன் என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால் கோயில் மணியை விடாமல் அடிப்போம். கேட்டதும் யார் எவர் என்று பாராமல் எல்லாப் படகும் இறங்க வேண்டும். நான் கோயிலுக்கு ஓடினேன். மணிக்குப் பொறுப்பான பாக்கியநாதர் அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அடிக்கவில்லை.

"அவன் தொழிலுக்குப் போனவன் இல்லைத் தங்கச்சி. இந்தக் காத்துக்குள்ள பிள்ளைகுட்டிக்காரர் இறங்கோணும். ஆருக்கும் ஒண்டு நடந்தா நான் என்னெண்டு பதில் சொல்லுறது?"

அவர் கெட்டவர் இல்லை. காற்றும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பீடத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். அது செபமா? சண்டை. "ஆண்டவரே, மனுஷரை உம்முடைய சாயலாகப் படைத்தீராம். இவனை மட்டும் யாருடைய சாயலில் படைத்தீர்? இவனும் உம்முடைய பிள்ளை என்றால் அதை யாராவது சொல்லட்டும்" என்று கேட்டேன். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அப்போது பெனடிக்ற் அண்ணன் உள்ளே வந்தார். தெப்பம் அவருடையது. முன்பு அவருடைய வலையையும் சூசை அறுத்திருக்கிறான். ஏசத்தான் வருகிறார் என்று பயந்தேன்.

"தெப்பம் கிடக்கட்டும். போனது ஒரு ஆள். மணியை அடியுங்கோ, பாக்கியநாதர் அண்ணை. நான் முதல் இறங்குறன்" என்றார்.

மணி அடித்தது. ஒரு படகும் கரையில் நிற்கவில்லை.

பெண்கள் நாங்கள் மணலில் நின்று செபமாலை சொன்னோம். எனக்கு வார்த்தைகள் மாறி மாறி வந்தன. பொழுது சாயத் தொடங்கியது. முதலில் வந்த படகில் அவன் இல்லை. அடுத்ததிலும் இல்லை. படகுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இழுத்தார். முடிந்தது என்றே நினைத்தேன்.

கடைசியாகப் பெனடிக்ற் அண்ணனின் படகு வந்தது. எஞ்சினை வேறொருவர் பிடித்திருந்தார். அண்ணன் தன் சேட்டுச் சட்டையைக் கழற்றிப் போர்த்தி, சூசையை மடியில் வைத்திருந்தார். விறைத்துப்போயிருந்தவன் கண்ணைத் திறந்து, "அக்கா, பசிக்குது" என்றான். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியாது.

இப்போது அவனைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் தனியாக அலைவதில்லை. யாராவது மோட்டார் சைக்கிளோடு வந்து நிற்கிறார்கள். அவன் இன்னும் வலையில் கை வைக்கிறான். பெனடிக்ற் அண்ணன் இன்னும் ஏசுகிறார். ஆனால் சூசை என்று பெயர் சொல்லித்தான் ஏசுகிறார்.

ஆண்டவருக்குக் கோடி தோத்திரம். உங்கள் வீட்டிலும் ஊர் கணக்கில் எடுக்காத ஒருவர் இருக்கலாம். அவருக்காகக் கேளுங்கள், சண்டை பிடித்தாவது கேளுங்கள். எனக்குப் பதில், நான் பயந்த மனிதரின் வாயால் வந்தது. ஆகவே நீங்கள் யாருக்குப் பயப்படுகிறீர்களோ, அவருக்காகவும் கொஞ்சம் மன்றாடிக்கொள்ளுங்கள்.