கவலைக்கும் டோக்கன் உண்டு

பாலக்கரையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் வியாகுலம்மாளின் கணவர் துபாயிலிருந்து திரும்பி வந்துவிட்டார், அந்தம்மா அவரை வெளியே விடாமல் வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார் என்று 1982 ஜூலையில் ஒரு வதந்தி கிளம்பியது. ஒரு வியாழக்கிழமை காலை, காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் காதுக்கு வந்தது. அவர் கொண்டுவந்த டேப் ரிக்கார்டர் வெள்ளி நிறம் என்றுகூடச் சொன்னார்கள்.

நிறம்வரை தெரிந்த சேதி பொய்யாக இருக்காது என்று அன்றைக்கே நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். நாலாவது ஆளுக்காக ஸ்ரீரங்கம்வரை பஸ் ஏறினேன். அதெல்லாம் முடிந்த பிறகுதான் உண்மையா என்று விசாரிக்கலாமே என்று தோன்றியது. பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு இந்த வரிசைதான் பழக்கம்.

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்குப் போனேன். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். காலி பெஞ்சில் வியாகுலம்மாள் மட்டும். நாற்பது வயதிருக்கும். மடியில் நம்பர் அடித்த மூன்று தகர வில்லைகள்.

"டாக்டர் சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தாங்க."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் வந்துட்டாராமே?"

"பாத்தீங்களா?"

"இல்ல."

"நானும் பாக்கலங்க. உக்காருங்க, இது முடிஞ்சிரட்டும்."

முதல் வில்லையைக் கையில் எடுத்து வெகுநேரம் வைத்திருந்தார். இரண்டாவது அவ்வளவு நேரம் இல்லை. மூன்றாவது சட்டென்று முடிந்தது. மூன்றையும் ஆணியில் மாட்டிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கணவர் தைரியராஜ் ஒரு ஃபிட்டர். 81-ல் ஈஸ்டர் முடிந்த கையோடு துபாய் போனார். மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றாவதில், வேறு கம்பெனிக்கு மாறுகிறேன், விலாசம் பிறகு எழுதுகிறேன் என்றிருந்தது. அந்தப் 'பிறகு' வந்து சேராமலே ஒரு வருடம் ஓடிவிட்டது.

முதல் மூன்று மாதம் அந்தம்மா ஒரு நிலையில் இல்லை. குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டார். ஒரே நம்பரை இரண்டு நோயாளிகளிடம் சொல்லிவிட, அவர்கள் வாசலில் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். ஊர் புத்திமதி சொன்னது. மனசைத் திடப்படுத்திக்கோ என்றார்கள். அந்தத் திடம் எந்தக் கடையில் விற்கிறது என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார், அது பசிக்கு.

ஒரு நாள் டோக்கன் இல்லாத ஆள் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்.

"நான் அவருகிட்ட சொன்னேங்க, உங்க வலி நிஜந்தான், இல்லேங்கல. ஆனா டோக்கன் இல்லாம உங்கள விட்டா முப்பது பேரும் எந்திரிச்சு உள்ள வந்துருவாங்கன்னு. சொல்லிட்டுத் திரும்பினா, எனக்கே யாரோ சொன்ன மாதிரி இருந்துச்சு."

அன்றிலிருந்து கவலைகளுக்கும் டோக்கன். மதியம் கிளினிக் மூடிய பிறகு, மூன்றே மூன்று. ஒன்றாம் நம்பர் எப்போதும் தைரியராஜ். இரண்டு, மகள் ரோசரியின் இருமல். மூன்றாவது மாறிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு ஒழுகுகிற ஓடு. நாலாவதாக எது வந்து நின்றாலும், நாளைக்கு வாங்க.

"குணமாகுதாம்மா?"

"டாக்டர்கிட்ட வர்ற எல்லாருக்கும் குணமாகுதா? வரிசையில வந்தா அடிதடி இல்ல. அவ்வளவுதாங்க." கொட்டாவி விட்டார். "முடிஞ்சதும் அசதியாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

அப்படியானால் அந்த வதந்தி? அதற்கும் அந்தம்மாதான் காரணம்.

மாதா கோயிலில் புதன்கிழமை நவநாள் ஜெபத்தின்போது, ஜனங்கள் வேண்டுதலை எழுதிப் போடும் மன்றாட்டுக் கடிதங்களையும் நன்றிக் கடிதங்களையும் பெயர் சொல்லாமல் வாசிப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் என்ன, வாசித்து முடிப்பதற்குள் யாருடையது என்று மூன்றாவது பெஞ்சுக்குத் தெரிந்துவிடும். நன்றிக் கடிதம் என்றால் கேட்டது கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கிடைக்காமலே நன்றி எழுதிப் போட்டவர் வியாகுலம்மாள் ஒருவராகத்தான் இருப்பார். 'வெளிநாடு சென்ற கணவரிடமிருந்து கடிதம் இல்லாமல் தவித்த குடும்பம், இந்த ஒரு வருடத்தைக் கடந்து வந்ததற்காக மாதாவுக்கு நன்றி செலுத்துகிறது.' நன்றி என்ற சொல் காதில் விழுந்ததுமே ஜனங்கள் தைரியராஜை விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

"ஏம்மா அப்படி எழுதினீங்க?"

"ஒரு வருஷமா ஒரே மன்றாட்டுங்க. எனக்கே சலிச்சுப் போச்சு, மாதாவுக்குச் சலிக்காதா? இந்த வருஷத்துல ஒரு நாள் நான் இங்க லேட்டா வந்ததில்ல. புள்ளயப் பட்டினி போட்டதில்ல. அந்தத் தெம்பக் குடுத்ததுக்கு நன்றி சொல்லக் கூடாதா?"

மறுநாள் காலையிலேயே வீட்டு வாசலில் கூட்டம். ஒருத்திக்கு சென்ட் பாட்டில் வேண்டுமாம், ஒருவருக்கு ஷேவிங் பிளேடு.

"அவங்களுக்கும் டோக்கன் குடுத்திருக்கலாம்," என்று சிரித்தார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயது ரோசரி பள்ளிக்கூடத்தில் சேதி கேட்டு, ஒரு செருப்பை எங்கேயோ விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். "அப்பா எங்கம்மா?" என்று கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

"அன்னிக்கு டோக்கன் எதுவும் செல்லலீங்க. புள்ளயக் கட்டிக்கிட்டு அழுதேன். மறுநாள் எட்டு மணிக்கு வந்து ஒண்ணாம் நம்பர் குடுத்தேன். வேற என்ன பண்றது?"

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க எத்தன பேருகிட்ட சொன்னீங்க?"

பொய் சொல்ல முடியவில்லை. "நாலு."

"நாலு பேருகிட்டயும் போயி, வரலேன்னு சொல்லிருங்க. புள்ள காதுல மறுபடியும் விழக் கூடாது."

அந்த நாலாவது ஆள் ஸ்ரீரங்கத்து சேஷு, டைப்பிஸ்ட். தைரியராஜுக்கு பம்பாய் ஏஜெண்டின் விலாசத்தைக் கொடுத்து, விண்ணப்பத்தையும் அடித்துக் கொடுத்தவர். கடிதம் நின்றதிலிருந்து அவருக்குத் தூக்கமும் நின்றது. பாலக்கரைப் பக்கமே தலைகாட்டுவதில்லை. வியாழக்கிழமை நான் போய்ச் சேதியைச் சொன்னதும், "ரங்கா!" என்று கைகூப்பினார். "ஓய், கண்ணை மூடினா அந்த மனுஷன்தான் வந்து நிக்கறார். இன்னிக்குத் தூங்குவேன்."

இதையும் வியாகுலம்மாளிடம் சொன்னேன்.

"அவரு மேல எனக்குக் கோவமே இல்லேன்னு சேத்துச் சொல்லுங்க. ஆனா சொல்லிருங்க." ஆணியிலிருந்து பதினேழாம் நம்பரைக் கழற்றி என் கையில் வைத்தார். "சொல்லிட்டு வந்து இதக் குடுங்க. சாயங்காலம் வேணும்."

மூன்று பேரிடம் அன்றைக்கே சொன்னேன். மார்க்கெட்காரர் நம்பவில்லை. "மறைக்கிறாங்க சார்," என்றார். நாலு மணிக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். சேஷு ஈஸிசேரில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டுமா?" என்றார் அவர் மனைவி பூமா. "நாலு நாளா இப்படித்தான். கும்பகர்ணன் தோத்தான்."

"வேண்டாம் மாமி. அப்புறம் வரேன்."

அப்புறம் இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் சேஷு விழித்துத்தான் இருந்தார். காபியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

இப்போது நவம்பர். போன வாரம் பஸ் ஜன்னலிலிருந்து கிளினிக் வாசலைப் பார்த்தேன். பதினாறுக்கு அடுத்து பதினெட்டைக் கொடுத்துவிட்டு, யாருக்கோ அதற்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார் வியாகுலம்மாள். கடிதம் வந்ததா என்று இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால், பதினேழு எங்கே என்பார்.