சிங்கப்பூரிலிருந்து நாலு மணி நேரம்

வளைகாப்புக்காக ஏழு மாத வயிற்றோடு என் நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து தனியாக வந்தாள். அங்கே காலை ஒன்பதுக்கு விமானம். என் கணவர் நெட்டில் தூரம், நேரம் எல்லாம் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரம்தான். ஒரு மணிக்கு ஏர்போர்ட்ல இருந்தா போதும்" என்றார். இரும்புலியூர் வீட்டில் நிதானமாக உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டுத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவள் பத்தரைக்கே வந்து இறங்கியிருந்தாள். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பது இவருக்கு உறைக்கவே இல்லை. அவள் போனும் இங்கே வேலை செய்யவில்லை. நாங்கள் போனபோது ஏர்போர்ட் வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, செருப்பைக் கழற்றி வைத்திருந்தாள்.

"அண்ணி, என்னை மறந்துட்டீங்களா?" என்றாள்.

"நெட்ல நாலு மணி நேரம்னுதானே போட்டிருந்தான்" என்றார் இவர்.

சிறுசேரி ஆபீசில் இவருக்குத் தினமும் சிங்கப்பூர்க்காரர்களோடுதான் மீட்டிங். அதற்கு ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. எனக்குச் சீ என்றாகிவிட்டது.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், டிக்கெட்டில் போட்டிருக்கும் இறங்கும் நேரத்தை நானே பார்த்துக்கொள்கிறேன். அது நம்மூர் நேரம். குழந்தையைப் பார்க்க நாத்தனாரின் கணவர் அதே விமானத்தில் வந்தபோது, இவரிடம் சொல்லாமல் நானே போய் அழைத்து வந்தேன்.

நாங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது இவர் ரசத்துக்கு வந்திருந்தார்.