ஆறு டிஸ்க்கிலும் ஒரே பெயர்

நெல்லியடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நேர அட்டவணை போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆறு பிளாப்பி டிஸ்க். ஐந்தில் சோதனைப் பதிப்புகள், ஒன்றில் மட்டும் எல்லாம் சரிபார்த்த பதிப்பு. ஒவ்வொன்றிலும் பதிப்பு எண்ணை எழுதி ஒட்டியிருந்தேன்.

இன்று காலை போனால், இரசாயன ரீச்சர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, திங்கள் முதல் பாடத்துக்கு நான் ரெண்டு வகுப்பிலை நிக்கோணுமாம். எப்பிடி?"

அது மூன்றாவது சோதனையில் நான் கண்டுபிடித்துத் திருத்திய பிழை. கம்பியூட்டர் அறைக்குப் பொறுப்பான சிவபாலன் மாஸ்டரிடம் ஓடினேன்.

"மாஸ்டர், எந்த டிஸ்க்கைப் போட்டு அச்சடிச்சனீங்கள்?"

"மேலை கிடந்ததைத்தான். உம்மடை லேபிள் எல்லாம் ஒரே கிறுக்கல், பிள்ளை. உரிச்சுப்போட்டு வடிவாய் எழுதி ஒட்டியிருக்கிறன், பாரும்."

பார்த்தேன். ஆறிலும் முத்து முத்தான எழுத்தில் 'நேர அட்டவணை'.

அழுகைதான் வந்தது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஐந்தாவது டிஸ்க்கில் சரியான பதிப்பைப் பிடித்து, கரண்ட் போவதற்குள் அச்சிட்டு முடித்தேன். அந்த டிஸ்க்கில் சிவப்பு மையால் 'இறுதி' என்று பெரிதாக எழுதினேன். ரீச்சர் புது அட்டவணையை வாசித்துப் பார்த்து, "ஓம், இப்ப சரி" என்றார்.

அப்போதுதான் பள்ளிக்கூட அதிபர் எட்டிப் பார்த்தார்.

"நல்லது பிள்ளை. ஒரேயொரு சின்ன மாற்றம் மட்டும் இருக்கு..."

'இறுதி'க்குப் பிறகு வருகிற பதிப்புக்கு நீங்களெல்லாம் என்ன பெயர் வைக்கிறீர்கள்? எனக்குத் தெரிந்த சொற்கள் முடிந்துவிட்டன.